இறங்குமுக ஏலம்: சொல் விளக்கம்

“காற்றாலை மின்சாரம் ஏலம்” என்று ஒரு செய்திக்குத் தலைப்பிட்டால், அரசிடம் இருந்த மின்சாரத்தை அதிக விலை கொடுத்த ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றே தமிழ் வாசகர் முதலில் பொருள்கொள்வார். நடப்பது அதற்கு நேர்மாறானது. அரசோ அரசு அமர்த்திய நிறுவனமோ மின்சாரத்தை வாங்க வருகிறது. காற்றாலை அமைக்க முன்வரும் நிறுவனங்கள் அதை விற்க வருகின்றன. குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம் கிடைக்கிறது. உலகெங்கும் ஆங்கிலத்தில் ‘ரிவர்ஸ் ஆக்‌ஷன்’ (reverse auction) என்று வழங்கும் இம்முறையைத் தமிழில் வெறும் ‘ஏலம்’ என்று எழுதும்போது, யார் வாங்குகிறார், யார் விற்கிறார் என்பதே மறைந்துவிடுகிறது.

‘ஆக்‌ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் லத்தீனில் ‘வளர்த்தல், கூட்டுதல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. விலை ஏறுவது அச்சொல்லின் வேரிலேயே இருப்பதால், விலை இறங்கும் முறைக்கு ஆங்கிலத்தார் ‘ரிவர்ஸ்’ என்ற அடையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தமிழின் ‘ஏலம்’ வேறு வழியில் வந்தது. அது போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லின் திரிபு என்பதும், அச்சொல் ‘அறிவிப்பு’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதும் சொல்லாய்வாளர் கருத்து. மலையாளத்தின் ‘லேலம்’, இந்தியின் ‘நீலாம்’ ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏலக்காயின் ‘ஏலம்’ இதனோடு தொடர்பில்லாத தனிச்சொல். ஆக, பலரறியக் கூவி அறிவிப்பதே ஏலத்தின் மூலப்பொருள். ‘ஏலம் கூறுதல்’ என்ற வழக்கு அதை இன்றும் காத்து வருகிறது. விலை ஏறுவது வேரில் இல்லை, பழக்கத்தால் வந்து ஒட்டியது. எனவே ஒரு நல்ல அடையைச் சேர்த்து இச்சொல்லை இறங்கும் விலைக்கும் பயன்படுத்துவதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை.

இதைவிட முக்கியமானது, சந்தையில் தமிழர் பேணும் ஒரு வேறுபாடு. வாங்குபவர் விலை ‘கேட்கிறார்’. விற்பவர் விலை ‘சொல்கிறார்’. ஏலத்தில் பங்கேற்போரை ‘ஏலம் கேட்பவர்’ என்று அழைப்பதும் அவர்கள் வாங்க வந்தவர்கள் என்பதால்தான். காற்று மின்சாரக் கொள்முதலில் நிறுவனங்கள் விற்பவர்களாக வருவதால், அவர்கள் ‘ஏலம் கேட்டனர்’ என்று எழுதுவது பொருந்தாது. ‘விலை குறிப்பிட்டனர்’, ‘விலைப்புள்ளி அளித்தனர்’ என்பனவே சரி. ‘புள்ளி’ என்பதற்குக் கணக்கு, மதிப்பு என்ற பொருள்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் டெண்டரைக் குறிக்கும் ‘ஒப்பந்தப்புள்ளி’ அவ்வழியில் அமைந்தது. இலங்கைத் தமிழில் ‘கேள்விப்பத்திரம்’, ‘விலைமனு’ ஆகியவை வழங்குகின்றன. விற்பவரின் விலையைத் தெளிவாகச் சுட்டுவதில் ‘விலைமனு’ மிகப் பொருத்தமான சொல் என்பது என் கருத்து.

இனி நடைமுறைக்கு வருவோம். எத்தனை மெகாவாட் தேவை என்று அரசு முதலில் அறிவிக்கிறது. பெரும்பாலும் உச்சவரம்பு விலை ஒன்றையும் விதிக்கிறது. பங்கேற்கும் நிறுவனம் பிணைத்தொகை கட்டி, தான் தரப்போகும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் ஒரு விலையைக் குறிப்பிடுகிறது. விலைகள் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தப்பட்டு, அறிவித்த அளவு நிரம்பும்வரை தேர்வு நடக்கிறது. தேர்வானவர்களுக்கு அவரவர் குறிப்பிட்ட விலையையே தருவது ஒரு முறை. தேர்வானவற்றுள் மிக உயர்ந்த விலையை எல்லோருக்கும் பொதுவாகத் தருவது மற்றொரு முறை. ஒப்பந்தம் பல நாடுகளில் 15 முதல் 25 ஆண்டுகள்வரை நீள்கிறது.

விலை தரும் விதத்திலும் ஒரு பிரிவு உண்டு. சொல்லைத் தேர்வதில் அது முக்கியமானது. போட்டியாளர்கள் ஒருவர் விலை இறங்குவதை மற்றவர் அறிந்து, தாமும் இறங்கிக்கொண்டே போகும் நேரடிச் சுற்று ஒன்று. ஒரே முறை மூடி முத்திரையிட்டு விலை தருவது மற்றொன்று. 2009 டிசம்பரில் காற்றுக்கென்றே பிரேசில் நடத்திய முதல் சுற்று இவ்விரண்டையும் இணைத்தது: முதலில் விலை படிப்படியாக இறக்கப்பட்டது, பிறகு மூடிய விலைகள் பெறப்பட்டன. மெகாவாட்-மணிக்கு (அதாவது 1,000 அலகுக்கு) 189 பிரேசில் ரெயால் என்ற உச்சவரம்பில் தொடங்கிய விலை சராசரியாகச் சுமார் 148 ரெயாலில் முடிந்தது. 71 திட்டங்கள், சுமார் 1,800 மெகாவாட் தேர்வாயின. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் நடந்த முதல் சுற்றில் விலை அலகுக்கு 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அது 2.43 ரூபாயைத் தொட்டது. நேரடியாக விலையை இறக்கும் அந்தச் சுற்றைக் காற்றுத் திட்டங்களுக்குக் கைவிட்டு, மூடிய விலைமனுவுக்கு மாறுவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. நேரடிச் சுற்று, மூடிய விலைமனு இரண்டுக்கும் ‘ஏலம்’ என்றே எழுதினால் இந்த முடிவின் பொருளே விளங்காது.

விலை மிகத் தாழ்ந்தால் வாங்குபவருக்கு ஆதாயம் என்று தோன்றலாம். ஆனால் கட்டப்படாத காற்றாலையிலிருந்து மின்சாரம் வராது. பிரிட்டன் 1990களில் நடத்திய சுற்றுகளில் மலிவு விலைக்கு ஒப்பந்தம் பெற்ற திட்டங்களுள் பல எழும்பவே இல்லை. பிணைத்தொகையும் காலக்கெடுவும் தண்டமும் இன்று கண்டிப்பாக்கப்படுவதற்கு இத்தகைய அனுபவமே காரணம். உச்சவரம்பைத் தவறாக விதித்தாலும் கேடுதான். 2023இல் அதே நாடு, கடல் காற்றாலைக்கு 2012ஆம் ஆண்டு விலை மதிப்பில் மெகாவாட்-மணிக்கு 44 பவுண்டு என்று வரம்பு வைத்தபோது ஒரு விலைமனுகூட வரவில்லை. அடுத்த சுற்றுக்கு வரம்பை 73 பவுண்டாக உயர்த்த நேர்ந்தது.

ஆகவே, நேரடியாக விலை குறையும் சுற்றை ‘இறங்குமுக ஏலம்’ எனலாம். ‘தலைகீழ் ஏலம்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ஏதோ முறைகேடு நடந்ததுபோல ஒலிக்கிறது. ‘எதிர் ஏலம்’ என்பது ஓர் ஏலத்தை எதிர்த்து நடக்கும் மற்றோர் ஏலமோ என்று மயங்கவைக்கும். ‘இறங்குமுகம்’ விலையோடு சேர்த்து நாம் அன்றாடம் ஆளும் சொல். கேட்டவுடன் திசை புரிகிறது. மூடிய முறைக்கு ‘விலைமனு’ அல்லது ‘ஒப்பந்தப்புள்ளி’ போதும். இரண்டையும் உள்ளடக்கிய ஏற்பாடு முழுவதற்கும் ‘போட்டி விலைக் கொள்முதல்’ என்பது பொருந்தும். ‘கொள்முதல்’ என்ற சொல்லே அரசு வாங்குபவர் என்பதை உணர்த்திவிடும்.

அடையில்லாத ‘ஏலம்’ என்ற சொல்லுக்கும் இத்துறையில் இடம் உண்டு. ஜெர்மனியின் 2017 கடல் காற்றாலைச் சுற்றில் சில நிறுவனங்கள் மானியமே வேண்டாம் என்று சுழியம் விலை தந்தன. அதற்குக் கீழே இறங்க வழியில்லாததால், ஒன்றுக்கு மேற்பட்டோர் சுழியம் தந்தால் யார் அரசுக்கு அதிகத் தொகை செலுத்துகிறார் என்று பார்க்கும் சுற்றை அந்நாடு பின்னர் சட்டத்தில் சேர்த்தது. 2023இல் அவ்வழியில் 7,000 மெகாவாட்டுக்கான கடற்பரப்புகள் 1,260 கோடி யூரோவுக்குப் போயின. அங்கே அரசு விற்றது, நிறுவனங்கள் கேட்டன, விலை ஏறியது. அதை ஏலம் என்று மட்டுமே எழுதினால் போதும்.