தோள் பாதிதான் ஏறுகிறது, சான்றிதழில் ஏன் 15 சதவீதம்?

கை முறிந்து, பிளேட் வைத்து, மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு அலைந்தும் கை தோள்மட்டத்துக்கு மேல் ஏறாதவர்கள் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போய், சான்றிதழில் இருக்கும் எண்ணைப் பார்த்து நொந்துபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வேலை இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு வாசல் 40 சதவீதம். அந்த எண் எப்படி வருகிறது என்பதை மட்டும் வரிசையில் நிற்பவரிடம் யாரும் சொல்வதில்லை.

கணக்கு இதுதான். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் தலா 30 சதவீதம். பக்கவாட்டில் 180 டிகிரி போக வேண்டிய கை 90-லேயே நின்றால் பாதி அசைவு போச்சு. ஆனால் கிடைப்பது 50 இல்லை, 30-ல் பாதியான 15. அதோடு எழுதி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அரசு வழிகாட்டி அதோடு நிறுத்தச் சொல்லவில்லை. தசை பலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் பொருளை எடுத்து வைப்பது, தலை வாருவது, சட்டை மாட்டுவது, பட்டன் போடுவது, சாப்பிடுவது, எழுதுவது என்று பத்து வேலைகளையும் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு 9. மூன்று முடியாவிட்டால் 27. இந்த 27-ஐயும் 15-ஐயும் நேராகக் கூட்டாமல் அதற்கான சூத்திரத்தில் போடுவார்கள், 37.5 வரும். அடிபட்டது நீங்கள் அதிகம் புழங்கும் கையென்றால் இன்னொரு 4 சேரும், 41.5. இந்த நாலு விட்டுப்போனால் நீங்கள் வாசலுக்கு வெளியே. எந்தக் கைப் பழக்கம் என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

"கையைத் தூக்குங்க" என்றதும் பல பேர் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளைக் காதுவரை எக்கி, பல்லைக் கடித்துத் தூக்கிக் காட்டுகிறார்கள். டாக்டருக்கு மரியாதை! அப்படித் தூக்கினால் முதுகு வளைந்ததும் சேர்ந்து கணக்கில் ஏறும். நேராக நில்லுங்கள். எவ்வளவு வருமோ அவ்வளவு போதும், நடிக்கவும் வேண்டாம். கோணம் அளக்கும் கருவியை எடுக்காமல் கண்ணாலேயே பார்த்து எழுதினால், அளக்கச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.

அவசரப்பட்டுப் போனால் "பிசியோ முடிச்சுட்டு வாங்க" என்று திருப்பிவிடுவார்கள், அல்லது காலாவதித் தேதி போட்ட தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள். இனி பெரிய முன்னேற்றம் இருக்காது என்ற நிலையில் போவதே நல்லது. அதுவரை பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு டிகிரியை எழுதி வாங்கி வையுங்கள். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். எலும்பு டாக்டர் எந்தக் கிழமை உட்காருவார் என்று விசாரிக்காமல் பஸ் ஏறாதீர்கள். கலெக்டர் ஆபீஸில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் கலெக்டர் ஆபீஸுக்கு. அட்டைக்குக் கட்டணம் கிடையாது. வாசலில் நிற்கும் புரோக்கருக்கும் எதுவும் தர வேண்டாம்.

சான்றிதழை வாங்கியதும் அங்கேயே படியுங்கள். வலது, இடது மாறியிருக்கிறதா, எந்த உறுப்புக்குச் சதவீதம் என்று எழுதியிருக்கிறதா, நிரந்தரமா தற்காலிகமா. தகுதியில்லை என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. அதை வைத்துத்தான் சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீடு செய்ய முடியும்.

சாலை விபத்தில் அடிபட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. சதவீதம் தெரிந்த பிறகு கேஸ் போடலாம் என்று காத்திருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டமோ விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போடச் சொல்கிறது. தோள் தேறுவதற்கே அதைவிட அதிக நாள் ஆகலாம். மனுவை முதலில் போடுங்கள், சான்றிதழ் அப்புறம் வரட்டும். அது வந்தபின், "கைக்கு 40 என்றால் உடம்புக்கு அதைவிடக் குறைவுதானே" என்று இன்சூரன்ஸ் தரப்பு குறைக்கப் பார்க்கும். வருமான இழப்பைத் தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. ஒரே காயம் குமாஸ்தாவின் சம்பளத்தைத் தொடாமல் போகலாம், டிரைவரின் பிழைப்பையே முடித்துவிடலாம். அதனால் என்ன வேலை செய்தீர்கள், அதில் எது இப்போது முடியவில்லை என்பதை மனுவில் விவரமாக எழுதச் சொல்லுங்கள். அளந்த டாக்டர் சாட்சி சொல்ல வருவாரா என்பதையும் வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.