சிமுலேஷன்: உருவகம் அல்ல, ஒத்திகை

“‘உதைத்தான்’ என்று கேட்டதும் மூளை அச்செயலை உருவகப்படுத்துகிறது.” உளவியல் மொழிபெயர்ப்புகளில் இப்படிப்பட்ட வாக்கியம் ஓயாமல் வருகிறது. செயலைச் செய்யாமலே அதற்கான மூளைப் பகுதி கிளர்வதை அத்துறையில் ‘சிமுலேஷன்’ என்பார்கள்; அதைத்தான் ‘உருவகப்படுத்துதல்’ என்று பெயர்க்கிறார்கள். சொன்னதைத் தலைகீழாக்கும் தவறு இது.

சிமுலேஷன், ‘ஒத்த’ எனப் பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்ற லத்தீன் சொல்வழி வந்தது. பிறப்பு அவ்வளவே.

உருவகம் ஓர் அணி. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவது என்கிறது தண்டியலங்காரம். மூளையில் நடப்பது வேறு. நக்கு, எடு, உதை போன்ற பொருளுள்ள ஆங்கில வினைகளை வாசிப்போரின் மூளையை ஹாக், ஜான்ஸ்ரூட், புல்வர்முல்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் படமெடுத்து 2004இல் வெளியிட்டார்கள். நாக்கையும் விரலையும் பாதத்தையும் அசைக்கும் பகுதிகளிலோ அவற்றை ஒட்டியோ அந்தந்தச் சொல்லுக்குக் கிளர்ச்சி தெரிந்தது. ஆனால் வாசித்தவர் யாரும் உதைக்கவில்லை. சென்னை வியாசர்பாடியில் கால்பந்து பார்ப்பவரின் காலும் ஃபார்வர்டு உதைக்கும் கணத்தில் இறுகுவதுண்டு, எழுந்து ஓடுவதில்லை. செயலுக்கான முனைப்பு உண்டு, செயல் இல்லை. இந்த வேற்றுமை நிற்பதுதான் கருத்தின் உயிர். வேற்றுமையை ஒழிக்கும் சொல்லையா அதற்குச் சூட்டுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘காலை வாரிவிட்டான்’ போன்ற உருவகத் தொடருக்கும் மூளையின் கால் பகுதி கிளருமா என்பது இத்துறையில் தீராத வழக்கு. அதை “உருவகங்களை உருவகப்படுத்துகிறோமா?” என்று எழுதினால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? அகராதியில் முதலில் கிடைத்ததை எல்லாத் துறைக்கும் ஒட்டுவதால் வரும் வினை.

‘பாவனை’யும் உதவாது. வெறும் தட்டில் சோறு உண்ணும் குழந்தை தெரிந்தே பாவிக்கிறது. மூளையில் நடப்பதோ நம்மை அறியாமல், நொடியில் சிறு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

‘ஒத்திகை’யில் ஒத்தல் இருக்கிறது, லத்தீன் சொல்லின் பொருளும் அதுவே. காசிமேட்டு மீனவர்களுக்கு ‘சாகர் கவச்’ கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை தெரியும். அதே படகு, அதே காவலர், தாக்குதல்தான் இல்லை. மூளையிலும் அப்படியே: அதே இயக்கப் பகுதி, அசைவுதான் இல்லை. ஒத்திகை திட்டமிட்டு நடப்பதாயிற்றே என்பது நியாயமான மறுப்பு. ஆகவே ‘அக ஒத்திகை’ என்று அடை சேர்த்து, முதலில் வரும் இடத்தில் ‘தன்னியல்பாக நிகழ்வது’ என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

வினை ‘பார்’. “மூளை உதைப்பதை அக ஒத்திகை பார்க்கிறது” என்க. எதற்கும் ‘படுத்து’ சேர்க்கும் பழக்கத்தில் ‘ஒத்திகைப்படுத்துகிறது’ என்று எழுதி இதையும் கெடுக்காதீர்கள்.