மாலையைக் கழற்றியதும் குடி ஏன் திரும்புகிறது?

"கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டால் என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே குடித்துவிட்டு வந்து நிற்பார். சாமிக்காக நிறுத்த முடிந்தவருக்கு எங்களுக்காக ஏன் முடியவில்லை?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

அம்மா, இதில் உங்கள் மேல் உள்ள அன்பு குறைந்துபோகவில்லை. மூளை மறக்கும் விதம் அப்படி.

மூளையில் ஆசையைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமைனின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் சோதனைகளில், குரங்குக்குப் பழச்சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே காட்டும். பழகிய பிறகு அதன் டோபமைன் நரம்பணுக்கள் சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு, விளக்குக்கே துடிக்க ஆரம்பித்தன. குடிப்பவருக்குச் சாயங்காலம் ஆறு மணி, கூட்டாளியின் பைக் சத்தம், கடைக்குத் திரும்பும் முக்கு எல்லாமே அந்த விளக்குதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மணியடித்துச் சோறு கொடுத்துப் பழக்கிய, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு, சோறில்லாமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். நாய் மறந்துவிட்டதா? இல்லை. சிறிது இடைவெளி விட்டு மணியடித்தால் மறுபடி ஊறும். இதை பாவ்லோவே கண்டார். பழைய பாடம் அழியவில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்க் பௌடன் இதை எலிகளிடம் பல ஆண்டுகள் துருவிப் பார்த்தார். ஒரு கூண்டில் பழக்கி, வேறொரு கூண்டில் அந்தப் பழக்கத்தைத் தணித்து, மறுபடி முதல் கூண்டில் விட்டால் பழக்கம் திரும்பிவிடுகிறது. பழைய பாடம் போகிற இடமெல்லாம் கூடவே வரும். புதிய பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சூழலில் எதை நினைவுக்குக் கொண்டுவருவது என்பதில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

மாலையும் இப்படி ஒரு கூண்டுதான், நல்ல கூண்டு. கறுப்பு வேட்டி, விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை, வெறுந்தரைப் படுக்கை. பெற்ற தாயும் "சாமி" என்று கூப்பிடுகிறாள். குடிக்கக் கூப்பிடும் கூட்டாளியும் அந்த நாட்களில் ஒதுங்கிப் போகிறான். அந்த மனிதர் ஒரு மண்டலம் குடிக்காமலிருக்கக் கற்றது உண்மை. ஆனால் அதைக் கற்றவர் "சாமி". மாலையைக் கழற்றியதும் பழைய கூண்டுக்கே வந்துவிடுகிறார்.

வியட்நாம் போரில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஏறத்தாழ 20 சதவீதம் பேர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே மறுபடி அடிமையானார்கள். அவர்கள் பழகிய கூண்டு கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. நம் ஆளுக்கு அது தெருமுனையிலேயே இருக்கிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. பழக்கத்தைத் தணிக்கும்போது கூடவே இருந்த ஒரு சின்ன அடையாளத்தைப் பழைய சூழலுக்குள் கொண்டுபோனால், புதிய பாடம் நினைவுக்கு வருகிறது, பழக்கம் திரும்புவது குறைகிறது. எலிகளிடம் கண்ட இதை, 2002இல் வெளியான ஓர் ஆய்வு மனிதர்களிடமும் கண்டது. அவர்கள் குடிப்பவர்கள், ஆனால் குடிக்கு அடிமையாகாதவர்கள். பியரைப் பார்க்கவும் முகரவும் வைத்து, குடிக்க விடாமல், ஆசை தணியும்வரை பயிற்சி. பிறகு அறையை மாற்றினார்கள், ஆசை திரும்பியது. பயிற்சியின்போது கையிலிருந்த எழுதுபொருட்களை மறுபடி கொடுத்தவர்களிடம் அது குறைந்தது. வெறும் எழுதுபொருள்! எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது.

குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும், 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்திலும் இறைநம்பிக்கைக்கு இடமுண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அந்த வழியில் போனவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். அதன் பலனில் பெரும்பங்கு, பழகும் ஆட்கள் மாறுவதாலும் தன்னால் முடியும் என்ற தெம்பு வளர்வதாலும் வருகிறது. அங்கே கூட்டம் வாராவாரம், ஆண்டு முழுக்க நடக்கிறது. நம் பஜனைக் கூட்டம் தை பிறந்ததும் கலைந்துவிடுகிறது.

மாலை வெறும் சடங்கு என்று கேலி செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடியைத்தான் எதிர்க்கிறேன். அதில், குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்து, அவர் அது தெரியாமல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. விடிந்ததும் கைநடுங்கும் அளவுக்குக் குடிப்பவர் சாமி பெயரைச் சொல்லித் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். அவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கட்டும். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் கேட்கலாம்.

மதுவால் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் மாநிலம் நம் தமிழ்நாடு. ஒவ்வொரு கார்த்திகையிலும் எத்தனையோ பேர் தாங்களாகவே குடியை நிறுத்துகிறார்கள். அவர்களைத் தை, மாசி, பங்குனி என்று பின்தொடர்ந்து ஆராய அந்தப் பணத்தில் ஒரு துளி போதும். அதை ஒதுக்காமலிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அம்மா, நான் சொல்லப்போவதை எனக்குத் தெரிந்து மாலையை வைத்து யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. மேலே சொன்ன ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. இந்த முறை மாலையைக் கழற்றும்போது ஒரு துளசிமணியை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். குருசாமியிடம் பேசி, சனிக்கிழமை பஜனையைப் பங்குனி வரைக்குமாவது நீட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்தப் பைக் சத்தம் கேட்கும் நேரத்துக்கு, நீங்களே அவரை ஒரு தடவை "சாமி" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.