பத்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான்: "ரெட் அலர்ட் போட்டிருக்காங்களே சார், எங்க தெருவுக்குத் தண்ணி வருமா?" நீரியல் வேலையில் இருக்கும் என்னால் அந்த நிறத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ரெட் அலர்ட் என்றால் மாவட்டத்தில் சில இடங்களிலாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். அந்தச் 'சில இடங்கள்' எவை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தாலே அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். கொட்டித் தீர்க்கும் மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால், அடையாற்றுக்கு வரவேண்டிய தண்ணீர் கூவத்துக்குப் போய்விடும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட விநாடிக்கு 29,000 கன அடியைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்திலும் 49 செ.மீ. பெய்தது. படப்பை, ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் அடையாற்றில் ஓடுகிறது. செம்பரம்பாக்கத்து ஷட்டரை மூடினாலும் இந்தத் தண்ணீர் நிற்காது. நவம்பர் மழையிலேயே மண் ஊறி, ஏரிகளும் நிரம்பியிருந்ததால் பெய்தது அத்தனையும் வெள்ளமாகப் புறப்பட்டது.

சரி, முன்கூட்டியே சொல்ல முடியாதா? ஓரளவு முடியும். கணினி மாதிரியை ஒரே ஒரு முறை ஓட்டி '15 செ.மீ.' என்று சொல்வதை நான் நம்புவதில்லை. ஆரம்ப நிலையைச் சற்றே மாற்றிப் பல முறை ஓட்ட வேண்டும். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் ஐம்பது முறை ஓட்டுகிறது. அதில் பத்து முறை உங்கள் ஏரி வழிகிறது என்றால் ஐந்தில் ஒரு வாய்ப்பு. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை மாடிக்கு மாற்ற எனக்கு அதுவே போதும். அதிகாரிகளும் இதே கணக்கில் முடிவெடுக்க வேண்டும். உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

மாதிரிகள் தவறவிடும் நாளும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையின் சில பகுதிகளில் 20 செ.மீ.யைத் தாண்டியதை முந்தைய நாள் கணிப்புகள் காட்டவில்லை. அப்படிப்பட்ட நாளில் ராடார்தான் துணை. இரண்டு மூன்று மணி நேர அவகாசமாவது கிடைக்கும். வானிலைத் துறையின் தளத்தில் ராடார் படத்தை யாரும் பார்க்கலாம். அடர்சிவப்புத் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். அப்புறம் உங்கள் வீட்டு மேல் மட்டும் தேடாதீர்கள், உங்கள் கால்வாய்க்குத் தண்ணீர் வரும் திசையைப் பாருங்கள். படப்பை மேல் சிவப்பு நகராமல் நின்றால், முடிச்சூரில் தூறல்கூட இல்லாவிட்டாலும் வண்டியை மேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.