இடுப்பு வலி என்றால் குனியவே கூடாதா?

இடுப்பு வலியோடு வருகிறவர் எப்படி உட்காருகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பிசியோதெரபிஸ்ட்டாக எனக்குப் பழகிப்போன வழக்கம் அது. அண்மையில் வந்த ஒருவர் நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்து, மூச்சை அடக்கி, பாரம் இறக்குவதுபோல் உடம்பை மெல்ல இறக்கினார். உட்கார்ந்ததும் எம்.ஆர்.ஐ. உறையை நீட்டினார்.

"ஜவ்வு பிதுங்கியிருக்காம் சார். இனிமே குனியவே பயமா இருக்கு."

ஜவ்வு என்று அவர் சொன்னது, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டை. மூன்று வாரமாகப் பெரும்பாலும் படுக்கைதான் என்றார். கால் பலம், உணர்ச்சி எல்லாம் சோதித்தேன், சரியாகவே இருந்தன. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டையும் சேர்த்து இடமும் வலமும் மெதுவாகச் சாய்க்கச் சொன்னேன். பிறகு நாற்காலியிலிருந்து மூச்சை வெளியே விட்டபடியே எழுந்து, திரும்ப உட்காரச் சொன்னேன். நாலைந்து தடவைக்குள் கைப்பிடியைத் தேடாமல் எழுந்தார். வலி போய்விடவில்லை, உடம்பின் விறைப்பு தளர்ந்திருந்தது.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. 'பிதுங்கல்', 'தேய்மானம்' என்று அறிக்கையில் படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அலசியது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் ஜவ்வுப் பிதுங்கல் இருந்தது! தலைமுடி நரைப்பதுபோல அதுவும் பெரும்பாலும் வயதின் தடம். கீழ்முதுகு வலியில் சுமார் 90 சதவீதத்துக்கு 'இதுதான் காரணம்' என்று ஒன்றை மட்டும் சுட்ட முடியாது. புதிதாக வந்த வலி பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் நன்றாகவே குறைந்துவிடும்.

படுக்கையிலேயே கிடந்தால்தான் வலி இழுத்துக்கொண்டு போகும். தசை பலம் இழக்கும், மூட்டு இறுகும், பயம் கூடும். வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளாவது நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். இடுப்பு பெல்ட்டை நம்பியே மாதக்கணக்கில் இருக்க வேண்டாம்.

காலையில்தான் வலி அதிகம் என்று பலர் சொல்வார்கள். இரவு படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அதன்மேல் அழுத்தம் கூடும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஆழமாகக் குனிவதைத் தள்ளிப்போடுங்கள். அதன்பின் குனியலாம், குனிந்து பழகவும் வேண்டும்.

வலி தேறியபின் நடையை விட்டுவிடாதீர்கள். 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு அதற்கு முன், பாதிப் பேருக்கு அதற்குப் பின்) 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

ஆனால் சில அறிகுறிகளுக்கு நான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கவே மாட்டேன். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், கீழே விழுந்தபின் வந்த வலி, நாளுக்கு நாள் கால் பலம் குறைதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பிறப்புறுப்பைச் சுற்றியோ உட்காரும் இடத்திலோ மரத்துப்போனாலும், சிறுநீர் வராமல் நின்றாலும், சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் கசிந்தாலும், இரு கால்களும் தளர்ந்தாலும் நரம்புக்கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். நடுராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.