முகவர் அல்லர், ஒற்றர்

‘சதியில் சிக்கிய ரகசிய முகவர், தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கக் கொலையாளியைத் தேடிப் புறப்படுகிறார்.’ ஓர் உளவுப் படத்துக்குத் தமிழில் எழுதிய கதைச்சுருக்கத்தின் முதல் வரி இது. படம் மாறுகிறது, நடிகர் மாறுகிறார், இந்த ‘ரகசிய முகவர்’ மட்டும் மாறுவதே இல்லை. ஓடிடி தளத்தின் விவரக்குறிப்பிலும் அவர்தான், திரையின் அடியில் ஓடும் வசன வரியிலும் அவர்தான், நாளிதழ் விமர்சனத்திலும் அவர்தான். பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டு படித்தாயிற்று. இந்தச் சொல் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

முகவர் என்றால் நம் மனத்தில் வருபவர் யார்? பாலிசி எடுக்கச் சொல்லி வீட்டுக்கு வரும் எல்ஐசி முகவர். பால் முகவர், நாளிதழ் முகவர், சிறுசேமிப்பு முகவர். தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்குள் கட்சியின் சார்பில் உட்கார்ந்து, வாக்காளர் பெயரைச் சரிபார்க்கும் பூத் ஏஜென்டையும் முகவர் என்கிறோம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்துக்கோ கட்சிக்கோ பதிலாக, அதன் பெயரைச் சொல்லி, ஊரறிய வந்து நிற்பவர்கள். அதற்கு ‘முகவர்’ நல்ல சொல். முகம் என்பதிலிருந்து கட்டிய புதுச்சொல்தான். ஆனால் பொருள் உடனே விளங்குகிறது: இன்னொருவருக்கு முகமாக இருப்பவர். தரகர், காரியஸ்தர் என்ற பழைய சொற்களில் ஒட்டிக்கொண்டிருந்த வாடை இதில் இல்லை. இந்தச் சொல்லை உருவாக்கியவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒற்றரின் தலையில் கொண்டுபோய் இதைக் கட்டியவரோடுதான் சண்டை. தன் முகத்தை மறைப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, முகம் காட்டுபவர் என்று பொருள்படும் பெயரை வைத்தால் அந்தப் பெயரே அவர் தொழிலை மறுக்கிறது.

ஏஜென்ட் என்ற சொல் வந்த வழி நேரானது. லத்தீனில் ‘அகெரே’ என்றால் செய்தல், இயக்குதல். அதன் எச்சமான ‘அகென்ஸ்’ செய்பவரைக் குறிக்கும். ஆங்கிலம் அதைப் பல கிளைகளாக வளர்த்துக்கொண்டது. பிறர் சார்பில் வணிகம் செய்பவர், அரசின் சார்பில் புலனறிபவர், மறைவில் உளவு பார்ப்பவர், வேதிவினையைத் தூண்டும் பொருள் என எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே சொல். அவர்களுக்கு ஒரே சொல் என்பதால் நமக்கும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. சலவைத்தூள் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் ‘தூய்மையாக்கும் முகவர்’ என்றுகூடப் படித்திருக்கிறேன். தூளுக்கு ஏது முகம்?

முகவருக்காக வாதாடுபவர்கள் சொல்லும் காரணங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, அது நடுநிலையான சொல்லாம். ஒற்றன், உளவாளி என்றால் காட்டிக்கொடுப்பவன் என்ற இழிவு ஒட்டிக்கொள்ளுமாம். இதை நான் ஏற்கவில்லை. ‘எதிரி நாட்டு உளவாளி கைது’ என்று செய்தியில் படித்துப் படித்துத்தான் உளவாளி என்றாலே எதிராளி என்ற நினைப்பு வந்தது. நம் ஆள் என்றால் உளவுத்துறை அதிகாரி, அவர்கள் ஆள் என்றால் உளவாளி என்று எழுதுவது செய்தி அறையின் பழக்கமே தவிரச் சொல்லின் குற்றமல்ல. ஒற்று என்ற சொல்லை வள்ளுவர் அரசனின் கருவியாக, மதிப்போடு வைக்கிறார். ‘ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்’ என்கிறார். அரசனுக்கு ஒற்றும் நூலும் இரண்டு கண்கள். இந்த இடத்தில் இழிவுக்கு ஏது இடம்?

இரண்டாவது காரணம்தான் கொஞ்சம் வலுவானது. அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் வேலை பார்ப்பவருக்கு ‘ஸ்பெஷல் ஏஜென்ட்’ என்பது பதவிப் பெயர். அவர் உளவாளி அல்ல, வழக்கைத் துப்புத் துலக்குபவர். அவரையும் ஒற்றர் என்று எழுத முடியாதே, ஆகவே இருவருக்கும் பொதுவாக முகவர் என்று வைப்போம் என்கிறார்கள். முதல் பாதி உண்மை, முடிவு தவறு. இருவரும் வேறு வேறு வேலை செய்பவர்கள் என்றால் இருவருக்கும் வேறு வேறு சொல் வேண்டும். இதற்கு ராபர்ட் ஹான்சென் கதையைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஹான்சென் எஃப்பிஐ அதிகாரி. இருபது ஆண்டுக்கு மேலாக, இடையிடையே விட்டு, மாஸ்கோவுக்கு ரகசியங்களை விற்றவர். உள்ளே ஒரு துரோகி இருக்கிறான் என்பது அமெரிக்கர்களுக்குத் தெரிந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. சந்தேகம் வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி பிரையன் கெல்லி மேல் விழுந்தது. அவர் வீட்டில் கிடைத்த ஒரு பூங்காவின் வரைபடத்தில் சில குறிப்புகள் இருந்தன. அவர் ஓடிப் பயிற்சி செய்யும் வழிக்கு எழுதி வைத்தவை அவை. புலனாய்வாளர்கள் அதை ரகசியப் பொட்டலம் வைக்கும் இடங்களின் வரைபடம் என்று படித்தார்கள். கெல்லி கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார், குடும்பத்தினரும் விசாரிக்கப்பட்டனர். கடைசியில் ரஷ்யத் தரப்பிலிருந்து விலைக்கு வாங்கிய ஆவணங்களோடு ஓர் ஒலிநாடாவும் வந்தது. கெல்லியின் குரலை எதிர்பார்த்து அதைப் போட்டவர்கள் கேட்டது தங்கள் சக ஊழியர் ஹான்செனின் குரலை. 2001 பிப்ரவரி 18ஆம் தேதி, வர்ஜீனியாவில் ஒரு பூங்காவில் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தவரைக் கைது செய்தார்கள்.

இதை முகவர் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘முகவர் ஹான்சென் ரஷ்யாவின் முகவராக இருந்தார், பழியோ வேறொரு முகவர்மேல் விழுந்தது.’ யார் யாருக்கு என்ன என்று ஏதாவது புரிகிறதா? இப்போது இப்படி எழுதுவோம்: ‘எஃப்பிஐ புலனாய்வு அதிகாரி ஹான்சென் மாஸ்கோவின் ஒற்றர், பழியோ சிஐஏ அதிகாரி கெல்லிமேல் விழுந்தது.’ இதில் குழப்பமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிஐஏவுக்குள்ளேயே சம்பளம் வாங்கும் ஊழியரை ஏஜென்ட் என்று சொல்வதில்லை. அவர் ‘ஆஃபீசர்’. அவர் வெளிநாட்டில் பிடித்து, பழக்கி, ரகசியம் வாங்கும் ஆள்தான் அவர்கள் பேச்சில் ஏஜென்ட். சோவியத் ராணுவ உளவுத்துறையில் கர்னலாக இருந்துகொண்டே மேற்குலகுக்கு ஏவுகணை ரகசியங்களைக் கொடுத்து, 1963இல் மரண தண்டனை பெற்ற ஒலெக் பென்கோவ்ஸ்கி ஏஜென்ட். ஆல்ட்ரிச் ஏம்ஸ் சிஐஏவுக்கு அதிகாரி, சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு ஏஜென்ட், 1994இல் பிடிபட்டார். திரைப்படங்கள்தாம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் எல்லோரையும் ஏஜென்ட் ஆக்கிவிட்டன. அவர்கள் சினிமாவுக்காகச் செய்த கலப்படத்தை நாம் மொழிபெயர்ப்பிலும் சுமக்கிறோம்.

2004இல் வந்த ‘தி போர்ன் சுப்ரமசி’ என்ற உளவுப் படத்தைப் பாருங்கள். பெர்லினில் சிஐஏ அதிகாரி ஒருவரும், அவரிடம் ஆவணங்களை விற்க வந்தவரும் கொல்லப்படுகிறார்கள். கொன்ற கிரில், ஜேசன் போர்னின் கைரேகையை அங்கே பதித்துவிட்டுப் போகிறான். போர்னோ கோவாவில் காதலி மாரீயோடு மறைந்து வாழ்கிறார். கிரில் அங்கும் தேடி வந்து சுட, மாரீ சாகிறாள். அதற்குப் பிறகு போர்ன் புறப்படுகிறார். பெர்லினில் செத்தவர் அதிகாரி, விற்க வந்தவர் தகவல் தருபவர், கொன்றவன் கொலையாளி, பழி சுமந்தவர் அந்த அமைப்பு பழக்கி வளர்த்து, முன்பு மறைவில் இயக்கிய ஆள். இத்தனை பேரையும் ஒரே ‘முகவர்’ கூண்டில் அடைத்தால், யார் யாரை ஏன் துரத்துகிறார்கள் என்ற கதையின் முடிச்சே புரியாமல் போய்விடும்.

‘பழி சுமந்த’ என்று எழுதினேன். அதற்கும் ஒரு விபரீதம் நடக்கிறது. செய்யாத குற்றத்தில் மாட்டிவிடுவதை ஆங்கிலத்தில் ‘ஃபிரேம்’ செய்வது என்பார்கள். அதை ‘கட்டமைக்கப்பட்ட முகவர்’ என்று ஒரு வசன வரியில் பார்த்தேன். வீண்பழி, பொய்வழக்கு, மாட்டிவிடுதல், சிக்கவைத்தல் என்று நம்மிடம் நாள்தோறும் புழங்கும் சொற்கள் இத்தனை இருக்க, கட்டடம் கட்டுவதுபோல ஒரு மனிதரைக் கட்டமைக்க வேண்டிய தேவை என்ன? மொழிபெயர்ப்பவர் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. வரிகளை மட்டும் கோப்பாக அனுப்பி, படத்தைக் காட்டாமல், நிமிடக் கணக்கில் கூலி கொடுத்து வேலை வாங்கும் வழக்கத்தின் விளைவு இது. இப்போது எந்திரம் முதல் வரைவைப் போட்டுத் தர, மனிதர் மேலோட்டமாகத் திருத்தும் முறையும் வந்துவிட்டது. எந்திரத்துக்கு ஏஜென்ட் என்றால் முகவர்தான். திருத்துபவர் அதை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

நம்மிடம் இருக்கும் சொற்களின் வயதைப் பாருங்கள். ஒற்றுதல் என்றால் மெல்ல அழுத்தித் தொடுதல். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். தெரியாமல் நெருங்கி, ஒட்டியிருந்து அறிந்துகொள்பவர் ஒற்றர். தொல்காப்பியம், ஆநிரை கவரும் போரைச் சொல்லும் வெட்சித் திணையில் ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் ஒற்றி அறிந்துவந்த செய்திதான் வேய். ஆள் ஒற்று, அவர் கொண்டுவரும் தகவல் வேய் என்று அன்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்றைய வேவு அந்த வேயின் வழியில் வந்ததுதான். சிலப்பதிகாரத்தில் வடநாட்டு அரசர்களுக்குத் திருமுகம் அனுப்பலாம் என்று சேரன் செங்குட்டுவனிடம் அமைச்சன் வில்லவன் கோதை சொல்லும்போது, அழும்பில்வேள் அது வேண்டாம் என்கிறான். ‘நாவலந் தண்பொழில் நண்ணார் ஒற்றுநம் காவல் வஞ்சிக் கடைமுகம் பிரியா.’ எதிரிகளின் ஒற்றர் நம் நகர வாயிலை விட்டு நீங்குவதே இல்லை. இங்கே பறையறைந்தால் போதும், அவர்கள் காதுக்குப் போய்விடும்.

வீண்பழி சுமந்த ஒற்றர் கதையும் நம்மிடம் உண்டு. புறநானூறு 47ஆம் பாட்டின் பின்குறிப்பு சொல்கிறது: சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் நுழைந்த இளந்தத்தன் என்ற புலவனை, நலங்கிள்ளியின் பகைவனான நெடுங்கிள்ளி ‘ஒற்று வந்தான்’ என்று கொல்லப் புகுந்தான். புலவர் கோவூர்கிழார் பாடி இளந்தத்தனைக் காப்பாற்றினார். வள்ளல்களை நாடிப் பறவைபோலப் போய், பாடிப் பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டி வாழ்பவர்கள் பிறருக்குத் தீங்கு நினைப்பவர்களா என்று கேட்கிறது அந்தப் பாட்டு. ‘ஒற்று வந்தான்’ என்ற இரண்டே சொல்லில் ஓர் உயிரின் விலை அடங்கியிருக்கிறது. ‘முகவராக வந்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். யாருக்காவது வாளை உருவத் தோன்றுமா?

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை இன்றைய உளவுப் படங்களுக்குக் கதை எழுதுபவர்கள் படித்தால் நல்லது. ‘கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும் உகாஅமை வல்லதே ஒற்று’ என்கிறார் வள்ளுவர். ஐயப்பட முடியாத தோற்றம், உற்றுப் பார்த்தாலும் அஞ்சாத நெஞ்சு, எங்கும் வாய்விடாத உறுதி, இம்மூன்றும் உள்ளவர் ஒற்றர். ஓர் ஒற்றர் தந்ததை மற்றோர் ஒற்றரால் சரிபார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம், ஒருவரை ஒருவர் அறியாமல் ஆள வேண்டும் என்கிறார். கெல்லியின் வரைபடத்தை அந்தக் கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நல்ல அதிகாரி பட்ட அவதி நேர்ந்திருக்காது. ‘சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க’ என்கிறது கடைசிக் குறள். ஊரறியச் சிறப்புச் செய்தால் மறை வெளிப்பட்டுவிடும். லாங்லியில் சிஐஏ தலைமையகத்தின் பளிங்குச் சுவரில், பணியில் இறந்தவர்களுக்காக நட்சத்திரங்கள் செதுக்கியிருக்கிறார்கள். அருகிலுள்ள ஏட்டில் சிலருக்கு இன்னும் பெயர் எழுதவில்லை. பெயரே எழுத முடியாத ஒருவரை முகவர் என்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே என் பரிந்துரை இதுதான். அமைப்பில் பணியாற்றுபவர் உளவுத்துறை அதிகாரி. எஃப்பிஐ போன்ற இடத்தில் புலனாய்வு அதிகாரி. மறைவில் சென்று அறிபவரும், எதிர்முகாமில் இருந்து ரகசியம் தருபவரும் ஒற்றர். பேச்சு வழக்கில் உளவாளி என்றாலும் சரியே. இரண்டு பக்கமும் வேலை பார்ப்பவர் இரட்டை ஒற்றர். நிறுவனப் பெயர்களில் முகமை நிலைத்துவிட்டது. தேசியப் புலனாய்வு முகமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை இனி மாற்றக் கிளம்புவது வீண் வேலை. நமக்குப் பதிலாகப் பயணச்சீட்டு எடுத்துத் தரும் கணினி நிரலை முகவர் என்றால் அது மிகச் சரி, பிறர் சார்பில் செய்வதுதானே அதன் வேலை.

ஒற்று என்றால் ஒற்றெழுத்து நினைவுக்கு வருகிறது, ஒற்றி என்றால் வீட்டை ஒத்திக்கு விடுவது நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தடை சொன்னார். ஒற்றர் என்று ‘அர்’ ஈற்றோடு எழுதினால் இரண்டு குழப்பமும் தீரும். ஆண், பெண் இருவருக்கும் அதுவே போதும். 1917இல் பிரான்ஸ் சுட்டுக்கொன்ற நடனக்கலைஞர் மாதா ஹரியையும் ஒற்றர் என்றே எழுதலாம். அவர் உண்மையில் எவ்வளவு உளவு பார்த்தார், எவ்வளவு பழியைச் சுமந்தார் என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ‘ஒற்றர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதினால் போதும்.