கேட் திறந்துவிட்டது, கணக்கு முடியவில்லை

வங்கியில் கார்டு புகார்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா கையில் ஸ்டேட்மென்ட்டோடு வந்தார். ஒரே நாளில் ரயில் நிறுவனத்தின் பெயரில் இரண்டு பெரிய தொகைகள். "ஒரு தடவைதான் சார் போனேன். யாரோ என் கார்டைத் திருடிட்டாங்க, உடனே பிளாக் பண்ணிடுங்க" என்றார்.

உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். டிக்கெட் வாங்காமல், வங்கி கார்டையோ அது சேர்த்த போனையோ கேட்டில் தொட்டே ரயிலில் போகும் முறை அது. ஏறும் நிலையத்தில் போனைக் கேட்டில் தொட்டு உள்ளே போயிருக்கிறார். இறங்குவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பையிலிருந்த கார்டை எடுத்துத் தொட்டார், கேட் திறந்தது, வெளியே வந்துவிட்டார். "போன்ல இருக்கிறதும் இதே கார்டுதானே சார்?"

அவருக்கும் எங்களுக்கும் அது ஒரே கார்டுதான். கேட்டுக்கு அப்படி இல்லை. போனில் ஒரு கார்டைச் சேர்க்கும்போது அதன் அசல் எண் போனில் வைக்கப்படுவதில்லை. அந்தப் போனுக்கென்றே வேறோர் எண் தரப்படுகிறது, டோக்கன் என்பார்கள். அதே கார்டை வாட்ச்சில் சேர்த்தால் அதற்கு இன்னோர் எண். போன் தொலைந்தால் அந்த எண்ணை மட்டும் நிறுத்தினால் போதும், கார்டு பிழைத்துக்கொள்ளும். பாதுகாப்புக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கேட் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அந்த அம்மாவின் ஒரே பயணம் அங்கே இரண்டு பேருடைய பயணமாகப் பதிவானது. ஒருவர் ஏறினார், இறங்கவே இல்லை. இன்னொருவர் ஏறாமலேயே இறங்கினார். ஏறி இறங்கிய தூரத்துக்குக் கட்டணம் வாங்கும் ஊர்களில், முழுமையடையாத பயணத்துக்குப் பெரும்பாலும் உச்சக் கட்டணம் விழும். அவருக்கு இரண்டு விழுந்தது.

இந்தக் குழப்பத்தின் வேர், கேட்டைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. கடையில் கார்டைத் தொட்டால் தொகை திரையில் தெரியும், வங்கி சம்மதம் சொல்லும், பணம் போகும். ரயில் கேட்டுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. லண்டனில் இந்த முறையை 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் கொண்டுவந்தார்கள். அங்கே கேட் அரை நொடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இல்லையென்றால் காலை நேரத்தில் கூட்டம் பின்னால் தேங்கிவிடும். வங்கியைக் கேட்டுப் பதில் வாங்க அந்த அவகாசம் போதாது. அதனால் கேட் இரண்டே வேலைகளைச் செய்கிறது. கார்டின் சிப் உண்மையானதுதானா என்று அதன் மின்னணுக் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. அந்த எண் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டும் சரியென்றால் கதவு திறக்கும். நீங்கள் தொட்ட இடமும் நேரமும் குறிக்கப்படும். அன்றைய பயணங்களையெல்லாம் பின்னால் சேர்த்து, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்ற நாள் உச்சவரம்பு இருந்தால் அதையும் பார்த்து, அதன் பிறகுதான் ஒரே தொகையாக வங்கிக்கு அனுப்புவார்கள். ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் பயணமே செய்யாத தேதியில் ஒரு தொகை நிற்பது இதனால்தான்.

கேட்டிலேயே கட்டணத்தைக் காட்டினால் என்ன என்று கேட்பவர்களின் ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. சிங்கப்பூரில் 2024 ஜனவரியில், பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பழைய பயண கார்டுகளைக் கைவிட்டு, பெரியவர்களைப் பின்னால் கணக்குப் பார்க்கும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். கேட்டில் கட்டணமும் மீதியும் தெரியாது என்பதை மக்கள் ஏற்கவில்லை. அதே மாதத்திலேயே அரசு முடிவை மாற்றிக்கொண்டது. தன் பணம் எவ்வளவு போனது என்று அந்த இடத்திலேயே பார்க்க விரும்புவது நியாயமான விருப்பம் என்றே நினைக்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். எதைத் தொட்டு ஏறினீர்களோ அதையே தொட்டு இறங்குங்கள். நாள் முழுக்க, முடிந்தால் வாரம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பும் எண்ணுக்கு எண் தனித்தனியாகத்தான் கணக்காகும். பர்ஸை அப்படியே கேட்டில் வைக்காதீர்கள். உள்ளே இரண்டு கார்டுகள் இருந்தால் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது மற்றொன்றும் படிக்கப்படலாம். வெளிநாட்டில் போகும்போது உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுக்குமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

போனைத் திறக்காமலேயே கேட்டில் தொடும் எக்ஸ்பிரஸ் வசதி பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐபோனில் இந்த வசதிக்கு வைத்த விசா கார்டிலிருந்து, போலியாக ஒரு கேட்டைப் போல நடிக்கும் கருவியால் பூட்டிய போனிலேயே பணம் எடுத்துக் காட்டினார்கள். அதற்காக யாரும் பயந்து வசதியையே விட்டுவிட வேண்டியதில்லை. பெருந்தொகை இருக்கும் கணக்கின் கார்டை மட்டும் அதில் வைக்காதீர்கள். போன் தொலைந்தால் வேறெதற்கும் முன் அந்தக் கார்டை அங்கிருந்து நீக்குங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது பதற்றத்தில் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றி. புரியாத தொகையைப் பார்த்ததும் கார்டை பிளாக் செய்துவிடுகிறார்கள், அல்லது 'இது என்னுடையதல்ல' என்று வங்கியில் புகார் எழுதிவிடுகிறார்கள். பயணத்துக்கான பணம் வங்கியில் மறுக்கப்பட்டால் அது பாக்கியாக நிற்கும், அந்த எண் தடைப் பட்டியலுக்குப் போகும். அடுத்த நாள் கேட் திறக்காது. பயண நிறுவனம் திருப்பித் தர நினைத்தாலும், அந்தக் கார்டே இல்லாதபோது பணம் வந்து சேர இழுபறியாகும். கார்டு உண்மையிலேயே தொலைந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பிளாக் செய்யுங்கள். கார்டு கையிலேயே இருந்து, தொகை பயண நிறுவனத்தின் பெயரில் இருந்தால், முதலில் அவர்கள் தளத்தில் கார்டைப் பதிவு செய்து பயண விவரத்தைப் பாருங்கள். அன்று எங்கே தொட்டீர்கள், எந்தப் பயணம் பாதியில் நிற்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

அந்த அம்மாவும் நானும் அப்படித்தான் பார்த்தோம். கார்டில் ஒரு பாதி, போனில் மறு பாதி. இரண்டு நேரங்களையும் குறிப்பிட்டு, நடந்ததை நாலு வரியில் அவரே நிறுவனத்துக்கு எழுதினார். சரியான கட்டணம் போக மீதி, சில நாட்களில் அவர் கணக்குக்குத் திரும்பியது.